ஐந்தாவது சில்லு

நாய் குப்பையைத் தின்றுவிட்டது, என்ன செய்வது என்று யாராவது எனக்குப் போன் செய்தால், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பலருக்கு எரிச்சல் வரும். "ஏனுங்க, நாயப் பத்திக் கேட்டா நீங்க புள்ளயப் பத்திக் கேக்கறீங்க?" என்பார்கள். கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்துப் போனை வைத்தவர்களும் உண்டு. வைத்தாலும் விடமாட்டேன், திரும்பக் கூப்பிட்டுக் கேட்பேன்.

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அரசாங்கத் தாளில் என் வேலைக்குப் பெயர் கால்நடை பராமரிப்பு உதவியாளர். ஊருக்கு நான் கம்பௌண்டர். போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் பேசினார். "சார், இப்ப எல்லாரும் நாயோட வாந்தியப் போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டு மருந்து கேக்கறாங்க. நீங்க இருந்தப்ப ஜனங்க குப்பையவே தூக்கிட்டு வருவாங்களாமே. அதப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டிடலாம்" என்றார். ஒரு பக்கத்துக்கென்றுதான் உட்கார்ந்தேன். பேனா அதோடு நிற்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் வாழப்பாடி. மாட்டின் வாயைத் திறக்கவும், ஆட்டைப் புரட்டிப் படுக்கவைக்கவும், ஊசியைக் கொதிக்கவைக்கவும் கற்றுக்கொண்டதிலேயே முதல் ஐந்தாறு வருடம் போயிற்று. நாய் வைத்தியம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் மருந்தகத்துக்கு நாயைக் கொண்டுவந்தால் வரிசையில் நிற்கும் மாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். பிறகு ராசிபுரம் பக்கம் ஒரு மருந்தகத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். நான் போடாமல் பேசுவேன். "வாழப்பாடியாருகிட்ட மரியாதக்கிப் பஞ்சமுங்க" என்று டீக்கடையில் கேலி செய்தே எனக்கும் அதைப் பழக்கிவிட்டார்கள்.

அந்த மருந்தகத்தில்தான் டாக்டரம்மாவிடம் ஏழு வருடம் வேலை பார்த்தேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி. கோபம் வந்தால் நாமெல்லாம் குரலை உயர்த்துவோம். அவருக்குக் குரல் இறங்கிக்கொண்டே போகும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய அளவுக்கு அவர் குரல் தணிந்துவிட்டால், நான் செய்த தப்பு பெரியது என்று அர்த்தம். அவர் என்னைத் திட்டி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் மெதுவாகப் பேசினால், செய்த வேலையை முதலிலிருந்து திரும்பச் செய்வேன்.

யாராவது "நாய் எதையோ தின்னுருச்சுங்க" என்று வந்தால் முதலில் ஈறு, கண், மூச்சு மூன்றையும் பார்ப்பார். உயிருக்கு அந்த நிமிடமே ஆபத்தில்லை என்று தெரிந்தால் அடுத்து ஒரே வார்த்தை: "குப்பையக் கொண்டு வாங்க."

மீதிக் குப்பை முழுவதும், கூடையோடு. ஜனங்களுக்கு அது பெரிய அவமானம். "ஊட்டுக் குப்பைய ஊர் பாக்க வண்டில வெச்சுட்டு வாரதுங்களா?" என்று முகம் சுளிப்பார்கள். டாக்டரம்மா அசையமாட்டார். குப்பை வந்ததும் சிமெண்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு மூங்கில் குச்சியால் பிரிப்பது என் வேலை. முழுசாக இருப்பது ஒரு பக்கம், நாய் கடித்துப் போட்டது ஒரு பக்கம், உள்ளே இருந்தது காணாமல் போன காகிதம், கவர், டப்பா எல்லாம் ஒரு பக்கம். வீட்டுக்காரர்கள் நேற்றும் இன்றும் எதையெல்லாம் போட்டார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர்கள் சொன்னதில் எது தாளின்மேல் இல்லையோ, அது நாயின் வயிற்றில் இருக்கிறது. "நெனச்சுக்கிட்டு சொல்லாதீங்க, பாத்துட்டு சொல்லுங்க" என்பார். அதற்குப் பிறகுதான் வாந்தி எடுக்க வைப்பதா கூடாதா என்ற முடிவு.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நாய் குப்பையைத் தின்றது தெரிந்ததும் உப்புக் கரைசலையோ சோப்புத் தண்ணீரையோ வாயில் ஊற்றாதீர்கள். உள்ளே போனது எலும்பாகவோ, ஊசியாகவோ, கக்கூஸ் கழுவும் ஆசிட்டாகவோ இருந்தால், இறங்கும்போது கிழித்தது ஏறும்போது இன்னொரு முறை கிழிக்கும். எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. நாமக்கல் சீமையில் முட்டைக்குப் பஞ்சமில்லை அல்லவா? நாய்க்கு எது வந்தாலும் இரண்டு பச்சை முட்டையைப் பாலில் அடித்து, ஒரு கரண்டி எண்ணெயும் விட்டுப் புகட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்கள். விஷம் முறியும் என்று நம்பிக்கை. சில விஷங்களுக்கு அந்தக் கொழுப்புதான் வழி திறந்துவிடும். அதை நான் தெரிந்துகொண்ட விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

குப்பையை முழுசாகக் கேட்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. ஒரு புரட்டாசியில் விசைத்தறிக்காரர் ஒருவர் நாயைக் கொண்டுவந்தார். நாய் கழுத்தை நீட்டி நீட்டி எச்சில் வடித்தது. "எலும்பா இருக்குமோ?" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "புரட்டாசி மாசமுங்க! நாமம் போட்டுட்டு நிக்கறேன், எங்கூட்டுக் குப்பையில எலும்பா?" என்று குதித்தார். டாக்டரம்மா எழுந்துகூட நிற்கவில்லை. குப்பை வந்தது. வெண்டைக்காய்க் காம்புக்கும் முருங்கைச் சக்கைக்கும் அடியில், செய்தித்தாளில் நான்கு மடிப்பாகச் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, கோழிக்காலின் பாதி எலும்பு. மறு பாதி நாயிடம். தறிக்காரரின் மனைவி அவரைப் பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன். அவர் பேச்சை நம்பி நாங்கள் வாந்திக்கு மருந்து கொடுத்திருந்தால் உணவுக்குழாய் கிழிந்து நாய் போயிருக்கும். டாக்டரம்மா இடுக்கியால் எலும்பை எடுத்து அவர் கையில் வைத்தார். "பெருமாள்கிட்ட மறைங்க, எங்ககிட்ட மறைக்காதீங்க" என்றார். அன்று சிரித்தோம்.

இனி சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், போகி அன்று காலை, மருந்தகத்து வாசலில் ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது. ஓட்டிவந்தவர் நாச்சிமுத்து என்ற விவசாயி, எழுபதை நெருங்கிய ஆள். பின்னால் அவருடைய மருமகள் கோகிலா, மடியில் பழைய சேலையில் சுற்றிய நாய். முன்னால் நின்றுகொண்டு வந்தவள் கோகிலாவின் மூன்று வயது மகள் யாழினி. கோகிலாவின் கணவர் போர்வெல் வண்டியில் வடக்கே போனவர், இன்னும் திரும்பவில்லை. வீட்டில் இவர்கள் மூன்று பேரும், ரோஸி என்ற அந்த நாயும்தான்.

"பொங்கலுக்கு ஊடு வெள்ளையடிச்சுக் கூட்டுன குப்பையுங்க. விடியக்காலம் கூடையச் சாச்சுப் போட்டுத் தின்னுட்டு இருந்துச்சு" என்றார் கோகிலா. "முட்டையும் பாலும் எண்ணெயும் குடுத்துட்டனுங்க."

நாச்சிமுத்து குப்பையை எடுத்துவரப் போனார். அதற்குள் ரோஸி வாந்தி எடுத்தது. கிட்டே குனிந்தேன். பூண்டு நசுக்கியதுபோல் வாடை. டாக்டரம்மாவும் முகர்ந்தார். வாந்தியில் கொஞ்சத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஜன்னல் இல்லாத மருந்து அறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. தட்டில் அங்கங்கே பச்சையாக ஏதோ மங்கலாக மினுங்கியது. பேயைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

"எலிப் பசை. பாஸ்பரஸ் விஷம், அதான் மினுங்குது" என்றார் இருட்டிலேயே. குரல் நன்றாக இறங்கியிருந்தது. "பாலும் எண்ணெயும் வேற குடுத்திருக்காங்க. இது கொழுப்புல கரைஞ்சு உள்ள போற விஷம்."

வெளியே வந்து கேட்டதும் கோகிலா ஒப்புக்கொண்டார். வெள்ளையடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சோள மூட்டைகளுக்குப் பின்னால் தேங்காய்ச் சில்லில் எலிப் பசை தடவி வைத்திருக்கிறார். முந்தின நாள் மூட்டைகளை நகர்த்திச் சுத்தம் செய்தபோது எல்லாம் குப்பையோடு போயிருக்கிறது.

"எத்தனை சில்லு வச்சீங்க? நல்லா யோசிச்சு."

"அஞ்சுங்க. ஒரு மூட்டைக்கு ஒண்ணு."

நாய்க்கு வயிற்றைக் கழுவி, கரி மருந்து கொடுத்து முடிப்பதற்குள் நாச்சிமுத்து உரச் சாக்கில் குப்பையோடு வந்துவிட்டார். நான் தாளை விரித்தேன். வாந்தியில் மென்ற சில்லு இரண்டு. குப்பையில் முழுசாக இரண்டு, பழுத்துக் காய்ந்து, பசையோடு. பசைக் குழாயும் கிடைத்தது. ஆக, சில்லு நான்கு. ஐந்தாவதைத் தேடிச் சாம்பலையும் சுண்ணாம்புக் கட்டியையும் துழாவினேன், இல்லை. எலி தின்றிருக்கும் என்றேன். எலிக்கு வைத்ததுதானே?

டாக்டரம்மா வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாழினி எடை மேடையில் ஏறுவதும் குதிப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா நேத்து வாந்தி எடுத்தாளா?"

கோகிலா குழந்தையைத் திரும்பிப் பார்த்தார். "சாய்ந்தரம் ரெண்டு தடவ எடுத்தாளுங்க..." என்றார்.

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "அதெல்லாம் பயப்படாதீங்க. அப்பவே கூட்டிட்டுப் போய்த் தொக்கம் எடுத்தாச்சுங்க. காலையில ரெண்டு இட்லி தின்னா. வெளயாடறதப் பாருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவருக்குத் தொக்கம் என்றால் என்னவென்று தெரியாது. நான் விளக்கினேன். குழந்தை கண்டதைத் தின்று அது செரிக்காமல் வயிற்றில் சிக்கிக்கொண்டால், தொக்கம் எடுக்கிறவரிடம் கூட்டிப்போவோம். அவர் வயிற்றை நீவிவிட்டு, வாய் வைத்து ஊதி, சிக்கியதை வெளியே எடுத்துக் காட்டுவார். என் இரண்டு பிள்ளைகளுக்கும் எடுத்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது.

"தேங்காச் சில்லு வந்துச்சுங்க. எங்கண்ணால பாத்தனுங்க" என்றார் நாச்சிமுத்து.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. "அப்ப அஞ்சும் வந்துருச்சுங்களேம்மா!" என்றேன். அந்த நிமிடத்தில் நானே கணக்கை முடித்துவிட்டேன்.

டாக்டரம்மா முடிக்கவில்லை. "அந்தச் சில்லு எங்க?" என்றார்.

"அந்தக் குப்பையிலதாங்க போட்டேன். வாழயெலையில சுத்தி" என்றார் கோகிலா.

நான் குச்சியால் தேடினேன். வாடிய இலைத் துண்டுக்குள் நகத்தளவு தேங்காய். அதைக் காய்ந்த சில்லுகளின் பக்கத்தில் வைத்தேன். வைத்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. இது வெள்ளை வெளேர் என்று ஈரமாக இருந்தது. நான்கு பக்கமும் கத்தி நறுக்கிய நேர் விளிம்பு. ஒரு பல் தடம்கூட இல்லை. பசையின் நிறம் எங்கேயும் இல்லை. புதிதாக உடைத்த தேங்காயிலிருந்து நறுக்கியது. குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததில்லை.

ஐந்தாவது சில்லு இன்னும் காணவில்லை.

கோகிலா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "கண்ணு, தேங்கா தின்னியா சாமி? மூட்டைக்குப் பின்னால தேங்கா தின்னியா?" என்று கேட்டார். யாழினி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மூன்று வயதுக் குழந்தை எதைக் கேட்டாலும் தலையாட்டும். ஆனால் அதை நம்பாமல் விடவும் முடியாது.

டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதினார். பசைக் குழாயைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கோகிலாவின் கையில் வைத்து மூடினார். "இது உங்க கையவிட்டுப் போகக் கூடாது. போனதும் டாக்டர்கிட்டக் குடுங்க. பால் குடுக்காதீங்க, எண்ணெயில செஞ்ச எதையும் குடுக்காதீங்க. குழந்தை சிரிக்குதுன்னு எங்கயும் நிக்காதீங்க" என்றார். கார் ஒன்றைப் பிடித்து அவர்களைச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

மாலையில் டாக்டரம்மா பொங்கலுக்குச் சென்னை கிளம்பினார். ரோஸி மருந்தகத்தின் பின்பக்கக் கொட்டகையில், என் பொறுப்பில். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "நாளைக்கு நாய் எந்திரிக்கும். வால ஆட்டும். பாத்து ஏமாந்துடாதீங்க. இந்த விஷம் நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் சும்மா இருக்கும், அப்பதான் உள்ள ஈரல் கெட்டுட்டிருக்கும். அஞ்சு நாள் ஆகாம 'தேறிருச்சு'ங்கற வார்த்தைய யார்கிட்டயும் சொல்லாதீங்க." சரிங்கம்மா என்றேன்.

பொங்கல் அன்று காலை கொட்டகையைத் திறந்தேன். ரோஸி எழுந்து நின்றது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை நக்கிக் குடித்தது. என் கையையும் நக்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் நாச்சிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"ஏனுங்க கம்பௌண்டர்... நாய் எப்படி இருக்குதுங்க?"

பண்டிகை நாளில் அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் என்ன? என் மனசில் வேறு ஒன்றும் இல்லை, சத்தியமாக. "தேறிருச்சுங்க அய்யா" என்றேன். "எந்திரிச்சு வாலாட்டுதுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய்க்கு, கெடுவதற்கு ஒரு குழந்தை கிடைத்தது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ரோஸி பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. கறுப்பாகக் கழிந்திருந்தது. உதட்டைத் தூக்கினேன். ஈறு முழுவதும் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "தேறிருச்சுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார். எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகக் கேட்டார். புரிந்ததும் போனை வைத்துவிட்டுக் கோகிலாவைக் கூப்பிட்டேன்.

போனில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

"ஊட்டுக்கு வந்துட்டமுங்க" என்றார் கோகிலா. "டாக்டருங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாயே தேறிருச்சுன்னு நீங்க சொன்னீங்களாம், அத வெச்சு மாமா எங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கூட்டியாந்துட்டாருங்க."

உடனே திரும்பப் போங்கள் என்று கத்தினேன். நாச்சிமுத்து போனை வாங்கினார். "பாப்பா நல்லாத்தானுங்க இருக்கறா, கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். மாட்டுக்குப் பொங்க வெச்சுட்டு மத்தியானமா வாரனுங்க" என்றார். நான் என்ன சொன்னாலும் அவருக்கு முந்தின நாள் வார்த்தைதான் பெரிதாக இருந்தது. அந்த வார்த்தையும் என்னுடையதுதான். என் வார்த்தையை என் வார்த்தையால் அழிக்க முடியவில்லை.

ரோஸியைச் சாக்கில் கிடத்தி வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரும் வாய்விட்டு அழுதுகொண்டே போனேன். வழியில் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வாசலில் கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகள் நின்றன. பானை பொங்கிக்கொண்டிருந்தது. சாகப்போகும் நாயைச் சாமி கும்பிடுகிற இடத்துக்கு யாராவது கொண்டுவருவார்களா? நான் கொண்டுபோய்ப் பானைக்கு நாலடி தள்ளிச் சாக்கை விரித்தேன். நாச்சிமுத்து பதறினார். "என்னங்க இது, நல்ல நாளும் அதுவுமா!"

"பாருங்க அய்யா" என்று ரோஸியின் உதட்டைத் தூக்கிக் காட்டினேன். கண்ணிமையை விலக்கிக் காட்டினேன். "நேத்து தேறிருச்சுன்னு சொன்ன நாய் இதுதானுங்க. நாஞ் சொன்னது தப்புங்க. பாப்பாவக் காட்டுங்க."

யாழினி கட்டிலில் படுத்திருந்தாள். புதுப் பாவாடை கட்டியிருந்தாள். நேற்று முன்தினம் எடை மேடையில் குதித்த குழந்தை, தலையைக்கூடத் தூக்கவில்லை. முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சளாக இருந்தது.

"காலையில மஞ்ச தேச்சுக் குளிக்க வெச்சனுங்க" என்றார் கோகிலா, நான் கேட்பதற்கு முன்பே. "மஞ்சதாங்க அது. மஞ்சதாங்க."

"கண்ணுக்குள்ளயுமா தேச்சீங்க, தாயி?" என்றேன்.

கோகிலா குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து, பெருவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. அவர் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. நாச்சிமுத்து பொங்கல் பானையை அப்படியே விட்டுவிட்டு, மேல்துண்டுகூட இல்லாமல், வண்டிக்காகச் சாலைக்கு ஓடினார்.

அவர்கள் போனபின் திரும்பிப் பார்த்தேன். ரோஸி தன் வீட்டு வாசலிலேயே உயிரை விட்டிருந்தது. அதற்காக அழ அங்கே யாரும் இல்லை. நான்தான் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். படிப்பவர்கள் பதற வேண்டாம் என்றுதான் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்போது அது யாருக்கும் தெரியாது. முதல் நான்கு நாள் டாக்டர்கள் எங்களிடம் எதுவுமே உறுதியாகச் சொல்லவில்லை. நான் தினமும் வேலை முடித்து, பஸ் ஏறிச் சேலம் போய் நின்றுவிட்டு வருவேன். டாக்டரம்மா சென்னையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

பதினோராம் நாள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னார். மருந்துச் சீட்டும் கொடுத்துவிட்டார்கள். கோகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினார். நாச்சிமுத்து மட்டும் வராந்தா பெஞ்சைவிட்டு எழவில்லை. பையை எடுத்துக்கொண்டு அவரைக் கூப்பிடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க சொன்னீங்க, நான் கூட்டியாந்துட்டேன்" என்றார். "இன்னிக்கு டாக்டரு சொல்றாரு. காலு எந்திரிக்க மாட்டேங்குதுங்க, கம்பௌண்டர். நெசமாலுமே தேறிருச்சுங்களா?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்கிற குரல் எனக்குத் தெரியும். பயத்தில், தெரிந்தவனிடம் கேட்கிறார். டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்றுதான் கேட்டிருந்தேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டு என் கையில்தான் இருந்தது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொங்கல் அன்றும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோ பக்கத்திலிருந்து கோகிலா, "மாமா, வாங்க! வாங்க மாமா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை.